விலகாத எலும்பை எப்படி உள்ளே தள்ளுவது?

முடிவெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து 'டக்'கென்று ஒரு திருப்பு. சேலத்தில் செவ்வாய்பேட்டை முதல் அம்மாபேட்டை வரை சலூன்களில் இது இன்னும் ஓயவில்லை. கழுத்துவலியோடு பிசியோதெரபிக்கு வருபவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்: "எலும்பு விலகியிருக்கு, தட்டி உள்ளே தள்ளிவிடுங்க."

விலகவில்லை ஐயா. எத்தனை முறை சொல்வது? அடிபட்டு நிஜமாகவே கழுத்தெலும்பு விலகியிருந்தால் போகவேண்டிய இடம் எமர்ஜென்சி வார்டு.

அந்த 'டக்' எலும்பு உட்காரும் சத்தம் இல்லை. மூட்டு இழுபடும்போது உள்ளிருக்கும் திரவத்தில் சட்டென வாயுக்குழி உண்டாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, விரல் சொடக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்து இதைக் காட்டியது. சொடக்கிய விரலை உடனே சொடக்கிப் பாருங்கள், சத்தம் வராது. ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து வரும். எலும்புதான் உட்காருகிறது என்றால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை விரல் விலகிக்கொண்டா இருக்கிறது?

1998-ல், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டை வைத்து ஓர் ஆய்வு. 10 பேரின் எலும்பில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, மூட்டைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரேயில் அளந்தார்கள். பரிசோதித்த கைகளுக்குச் 'சரியாகிவிட்டது' என்றே தோன்றியது. எலும்போ இருந்த இடத்திலேயே இருந்தது. (மேனுவல் தெரபி, அதாவது கையால் செய்யும் சிகிச்சை பற்றிய ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பிசியோதெரபி பட்டப்படிப்புப் பிள்ளைகள் முதலில் இதைப் படியுங்கள். நம் விரல் நம்மையே ஏமாற்றும்.)

வலி குறைவது பொய்யில்லை. நரம்புகள் கொஞ்ச நேரம் அடங்குகின்றன, தசை இளகுகிறது. அந்த நேரத்தில் பயிற்சி செய்யாவிட்டால், கொலுசுப் பட்டறையில் மறுபடி குனிந்து உட்கார்ந்ததும் வலி திரும்பிவிடும். மூட்டைக் கையால் அசைக்கும் சிகிச்சைக்கு பிசியோதெரபிஸ்ட் மேட்லண்ட் வகுத்த படிகளில் முதல் நான்கும் மெதுவான அசைவுகள். 'வேண்டாம்' என்றால் நிறுத்திவிடலாம். வெடுக்கென்ற திருப்பில் அதற்கு நேரமே கிடையாது.

கழுத்தைத் திருப்பியதில் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது அபூர்வம்தான். கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். புதுவிதமான கழுத்துவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் மரத்தல் என்று சில நாள் கழித்துக்கூட வரலாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் மேல் பழியைப் போட்டுப் படுத்துவிடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதுகுவலியோடு சிறுநீர் பிரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ யாரிடமும் மிதிக்கக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

சலூன் அண்ணன்மார்களே, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுங்கள், தோளைப் பிடித்துவிடுங்கள். கழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.