அசெம்பிளேஜ்: தொகைச் சிற்பம்

தில்லி நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ‘அசெம்பிள்’ என்ற சொல் புதிதல்ல. மதர்போர்டு ஒரு கடையில், கேபினெட் அடுத்த கடையில், மானிட்டர் எதிர் வரிசையில். எல்லாவற்றையும் ஒரு பையனிடம் கொடுத்தால் திருப்புளியோடு உட்கார்ந்து பூட்டிக் கொடுத்துவிடுவான். கலைக்கூடங்களில் அடிபடும் ‘அசெம்பிளேஜ்’ இந்தச் சொல்லின் உடன்பிறப்புதான். செதுக்காமல், வார்க்காமல், வேறொரு வேலைக்காக முன்பே செய்யப்பட்ட பொருள்களைப் பொருத்தி ஆக்கும் சிற்பத்துக்கு அந்தப் பெயர்.

சொல்லின் வேர் லத்தீன் ‘சிமுல்’. ‘ஒருங்கே’ என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பள்ளிக்கூட அசெம்பிளி, சட்டமன்ற அசெம்பிளி என்று நம் ஊர்வரை கிளை விட்டிருக்கிறது. கலைக்கு வந்தது பிந்தித்தான். சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிக்காசோ காளைத்தலை செய்தது 1942இல். அப்போது இந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. 1953இல் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே தம் ஒட்டுப்படைப்புகளுக்கு இதைச் சூட்டினார். 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இதன் பெயரிலேயே பெரிய கண்காட்சி நடத்திய பிறகு சொல் நிலைத்துவிட்டது.

‘ரெடிமேட்’ வேறு. ஒரே பொருளைத் தேர்ந்து அப்படியே கலையாக நிறுத்துவது அது. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம் 1917இல் ஒரு கண்காட்சிக்குச் சிறுநீர்த் தொட்டியை அனுப்பி அமர்க்களப்படுத்தியது போல. அந்தச் சொல்லை அவர் எடுத்ததே துணிக்கடையிலிருந்துதான். நமக்கு ‘ஆயத்த ஆடை’ இருக்கிறது. ‘ஆயத்தப் பொருள்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம், சிக்கல் இல்லை.

சிக்கல் அசெம்பிளேஜில்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து வந்த அத்தையைத் தில்லியின் சாகேத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். கிரண் நாடார் அருங்காட்சியகம் இருக்கும் வணிக வளாகத்தில் சிற்பி சுபோத் குப்தாவின் ‘எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு’ நின்றது. 2008ஆம் ஆண்டுப் படைப்பு. 26 டன் எடை. தூக்குவாளி, குண்டான், தட்டு, டம்ளர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அணுகுண்டுப் புகையாய்க் குடை விரித்திருந்தன. அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இத்தனை எவர்சில்வரையும் யார் தேய்ப்பார்கள்?” என்றார். (எவர்சில்வர் என்பது நம்மவர் வழக்கு; தில்லிப் பாத்திரக் கடையில் கேட்டால் விழிப்பார்கள்.) சிரித்தேன். ஆனால் அவர் அணுகுண்டைப் பார்த்தபடியே பாத்திரத்தையும் பார்த்திருக்கிறார். இந்தக் கலையின் உயிர் அங்கேதான்: புது உரு எடுத்த பின்னும் தட்டு தட்டாகவே இருக்க வேண்டும்.

இதைத் தமிழில் ‘கழிவுச் சிற்பம்’ என்பது பொருந்தாது. தில்லி சராய் காலே கான் பூங்காவில் 2019 முதல் நிற்கும் ஏழு உலக அதிசயங்களின் மாதிரிகளுக்கு அந்தப் பெயர் சரி. அவை காயலான் கடைச் சரக்கால் ஆனவை. குப்தாவின் குண்டானைக் கழிவு என்றால் அத்தை சண்டைக்கு வருவார். ‘கூட்டுச் சிற்பம்’ என்றால் பல சிற்பிகள் சேர்ந்து செய்தது என்று தோன்றும். ‘ஒட்டுச் சிற்பம்’ பரவாயில்லை, ஆனால் பசை வாடை அடிக்கிறது.

நான் ‘தொகைச் சிற்பம்’ என்பேன். எட்டுத்தொகையில் உள்ள தொகை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. பாடல்கள் வேறு வேறு புலவர்களுடையவை. ஒவ்வொன்றும் தனிப்பாட்டாகவும் நிற்கும், நூலின் உறுப்பாகவும் நிற்கும். குண்டானைக் குப்தாவும் அடித்துச் செய்யவில்லையே! இலக்கணத் தொகை இன்னும் நெருக்கம். ‘பால்குடம்’ என்பதில் பாலும் குடமும் தெரிகின்றன, இரண்டையும் இணைப்பவை தெரிவதில்லை. சாகேத்திலும் அப்படித்தான்: பாத்திரங்கள் தெரிந்தன, அவற்றைத் தாங்கிய சட்டம் கண்ணில் படவில்லை. தொகை என்றால் பணம் நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் மறுத்தார். இந்தச் சிற்பங்கள் விற்கும் விலைக்கு அதுவும் பிழையில்லை.

பழைய தமிழ்ச் சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு சிற்பத்துக்கு உரியவை பத்து என்கிறது: கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்ட சருக்கரை, மெழுகு. செங்கல்லை வேண்டுமானால் வழக்குக்கு இழுக்கலாம். மற்ற ஒன்பதும் உருப்பெறக் காத்திருக்கும் மூலப்பொருள்கள். தட்டுமுட்டுச் சாமானுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆனால் நிகண்டு பார்க்காத உழவர் கழியை நட்டு, பழைய சட்டையை மாட்டி, கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானையைக் கவிழ்த்துச் சோளக்கொல்லை பொம்மை செய்துவிட்டார். குருவிக்கு அது ஆள். நமக்கு ஆளும் தெரிகிறது, பானையும் தெரிகிறது.

எழுதும்போது இடையில் ‘ச்’ வரும். ‘தொகை சிற்பம்’ என்று காட்சிப் பலகையில் போட்டுவிட வேண்டாம்.