மோதாமல் விழுந்தாலும் அது விபத்துதான்: லாரி ஓட்டுநரின் முதுகுக் காயமும் இழப்பீடும்

கடந்த வாரம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் அலுவலகப் படியேறி வந்தவர், இருபது ஆண்டுகளாக நாமக்கல்லிலிருந்து வடமாநிலங்களுக்கு லோடு ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர். நாக்பூர் அருகே இரவு மழையில், தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதற்காக லோடின் மேல் ஏறியவர், கயிறு அறுந்து மல்லாந்து விழுந்திருக்கிறார். அங்கே முதலுதவி பெற்று ஊர் திரும்பியதும் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆனால் ஊர் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில், காயத்தின் காரணமாக எழுதப்பட்டிருப்பது "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்பது.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வண்டி எதுலயும் மோதலையே சார், நானாத்தானே விழுந்தேன். கேஸ் நிக்காது, வீட்டுல விழுந்ததாச் சொல்லிடு, செலவை நான் பாத்துக்கிறேன்னு ஓனர் சொன்னாரு" என்றார். இந்த ஆண்டில் இதே பதிலைச் சொன்ன நான்காவது ஓட்டுநர் இவர்.

மோதினால்தான் விபத்து, எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் இழப்பீடு, தவறு அடுத்தவருடையதாக இருந்தால்தான் வழக்கு என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில், எதிர் வண்டிக்காரரின் கவனக்குறைவை நிரூபித்துப் பணம் பெற்றவர்களின் கதைகளைக் கேட்டே நம் ஓட்டுநர்கள் பழகியிருக்கிறார்கள். ஆனால் பணியாளர் இழப்பீடு என்பது வேறு வழி. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து, இன்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஏழாம் அத்தியாயமாக நிற்கும் அந்த ஏற்பாடு, யார் மீது தவறு என்று கேட்பதே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தா என்பதுதான் கேள்வி. தார்ப்பாய் கட்டும்போது விழுந்தாலும், ஸ்டெப்னி மாற்றுகையில் இடுப்புப் பிடித்து டிஸ்க் பிதுங்கினாலும், கேபின் படியில் கால் வழுக்கினாலும் அது விபத்துதான். நீங்களே கவனக்குறைவாக இருந்திருந்தாலும் உரிமை போய்விடாது. போதையில் இருந்ததும் பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதும் விலக்குகள். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அந்த விலக்குகளும் செல்லாது. எஃப்.ஐ.ஆர். ஒரு நல்ல சான்று, அவ்வளவுதான். அது இல்லையென்றால் மனுவே கிடையாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

பல ஆண்டுகள் ஓட்டியதால் மெல்ல மெல்ல வந்த முதுகுவலியை மட்டும் வைத்து இழப்பீடு பெறுவது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஏற்கெனவே தேய்ந்திருந்த முதுகு, இன்ன நாளில், இன்ன வேலையில் முறிந்தது என்று காட்ட முடிந்தால் நிலைமை வேறு. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் தவறாமல் எழுப்பும் வாதம் "இது வயதால் வந்த தேய்மானம்" என்பதே. விழுந்தவர் மூன்று மாதம் கட்டுப் போட்டும் எண்ணெய் தேய்த்தும் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தால், அந்த வாதத்துக்கு நாமே உயிர் கொடுத்தவர்களாகிறோம்.

தொகையைப் பற்றியும் தெளிவு வேண்டும். நாற்பது வயதானவருக்கு, சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாயில் 60 விழுக்காடான 9,000 ரூபாயை, அந்த வயதுக்குரிய காரணியான 184.17 ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய் வருகிறது. இது முழு ஊனத்துக்கானது. மருத்துவர் 40 விழுக்காடு என்று எழுதியதால் நாற்பதுதான் என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம், ஏனெனில் அளக்கப்படுவது சம்பாதிக்கும் திறனின் இழப்பு. ஒரு கையை இழந்த தச்சரால் இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அதை முழு ஊனமாகவே 1975ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இருக்கையில் அரை மணி நேரம்கூட உட்கார முடியாத ஓட்டுநருக்கு நாங்கள் முன்வைப்பதும் அந்தத் தீர்ப்பைத்தான்.

ஆகவே, தயவுசெய்து, மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், ஏ.ஆர். காப்பியை, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை, அன்றே கேட்டு வாங்குங்கள். முதலாளிக்கு விபத்தை எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் அழிக்காதீர்கள். டிரிப் ஷீட்டும், சம்பளமும் பேட்டாவும் வந்த வங்கிக் கணக்கின் பதிவும் பத்திரமாக இருக்கட்டும். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்திடவே கூடாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் அது செல்லாது என்றபோதிலும், அந்தத் தாள் வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும். விபத்து எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதியிலேயே மனுச் செய்யலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

லாரி உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியின் காப்பீட்டிலேயே ஓட்டுநருக்கான இந்தப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. உரிய உரிமத்துடன் வேலை செய்தவரின் விபத்தை மறைக்காமல் தெரிவித்தால், இழப்பீட்டையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம். மறைத்துத் தாமதப்படுத்தினால் விதிக்கப்படக்கூடிய அபராதம் மட்டும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

அந்த ஓட்டுநருக்கு இரண்டு ஆண்டுகள் நிறைவடைய இன்னும் ஐந்து வாரங்களே இருக்கின்றன. நாக்பூரில் முதலுதவி அளித்த மருத்துவமனையின் பதிவேட்டு நகலைக் கேட்டு எழுதியிருக்கிறோம். அன்று உடனிருந்த கிளீனர் இப்போது எந்த வண்டியில் ஓடுகிறார் என்று ஓட்டுநரின் மனைவி தேடிக்கொண்டிருக்கிறார்.