முதலில் விரல், அப்புறம் ஈரல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புழுக்கமும் மழையும் சேர்ந்து வரும் மாதங்களில் சாட்ஸ்வொர்த் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்குப் பெரிய கவலை பிலியரி என்ற நோய். உண்ணி வழியாக உடம்புக்குள் இறங்கும் பபீசியா என்ற நுண்ணுயிர், சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துப்போடும். நாய் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். கவனிக்காமல் விட்டால் சில நாளிலேயே உயிர் போய்விடலாம். உண்ணி கடித்த மாத்திரத்தில் கிருமி இறங்கிவிடுவதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாளாவது அது ஒட்டியிருக்க வேண்டும். உண்ணி மருந்தோடு, தினமும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார்த்துப் பிடுங்கிவிடுவது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

ஆனால் நாய் பார்க்க விட வேண்டுமே! எங்கள் லச்சி விடமாட்டாள். அவளுக்குக் கறுப்பு நகம். வெள்ளை நகம் என்றால் உள்ளே ஓடும் சதை இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பில் தெரியாது. நகம் வெட்டக் கொண்டுபோன ஒரு கடையில், இரண்டு பேர் அவளை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சதையோடு சேர்த்து வெட்டிவிட்டார். நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள இடம் அது. அன்றிலிருந்து பாதத்தை நோக்கிக் கை போனாலே உறுமல்.

"நாலு பேரு சேந்து அமுக்கிப் பிடிங்கடா, தானா அடங்கும்" என்றார் ஆயா. அடங்கும், உண்மைதான். 1967இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் வெளியிட்ட ஆய்வில், தப்பிக்கவே முடியாதபடி மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பின்னால் தப்பிக்க வழி இருந்தபோதும் அசையாமல் கிடந்தன. அந்தக் கிடப்பை அமைதி என்று எடுத்துக்கொண்டால் நாம் ஏமாந்துபோவோம். நாய் உதட்டை நக்குகிறதா, சம்பந்தமில்லாமல் கொட்டாவி விடுகிறதா, வெள்ளைவிழி தெரியப் பார்க்கிறதா, கட்டைபோல விறைக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே பயம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பயத்தைப் படிப்படியாகக் கரைக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் நம் நாட்டில் பிறந்தவர்தான். ஜோசப் வோல்பே, 1915இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது, மனம் குலைந்து வந்த வீரர்களுக்கு அன்றைய சிகிச்சை போதவில்லை என்று கண்டார். போருக்குப் பின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்து ஆராய்ந்தார். கூண்டில் அடைத்து மின்னதிர்ச்சி கொடுத்தார். இன்று படித்தாலும் மனசு பதறுகிறது. அதன் பிறகு அவை எவ்வளவு பசித்தாலும் அந்தக் கூண்டில் தீனியைத் தொடவில்லை. அந்த அறையில் கூண்டுக்கு வெளியே வைத்தாலும் மிரண்டன. அதனால், அந்த அறையோடு அவ்வளவாக ஒத்துப்போகாத வேறொரு அறையில் தீனி வைத்தார், சாப்பிட்டன. அடுத்து, பழைய அறையின் சாயல் கொஞ்சம் கூடிய அறை. அங்கும் நிம்மதியாகச் சாப்பிட்ட பிறகு இன்னும் நெருக்கமான சாயல். கடைசியில் அதே கூண்டுக்குள்ளேயே சாப்பிட்டன. இதையே மனிதர்களின் அச்சத்துக்கான சிகிச்சையாக 1958இல் விரித்து எழுதினார்.

பயந்த உடம்பு ஓடவோ கடிக்கவோ தயாராகிறது. வாய் உலர்கிறது, செரிமானம் மந்தமாகிறது. நிதானமாகச் சாப்பிடும் உடம்பு எதிர்த்திசையில் போகிறது. பயம் சிறியதாக இருக்கும்போதே சாப்பாடு வந்தால், சாப்பாடு ஜெயிக்கும். பயம் பெரிதாகிவிட்டால் தட்டு நிறைய ஈரல் வைத்தாலும் தோற்கும். எனவே நாய் தீனியை மறுக்கிற கணமே, நாம் ஒரு படி அதிகம் போய்விட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் தடுமாறியது வரிசையில்தான். முதல் வாரம் வாயில் ஈரலைத் திணித்து, அவள் மெல்லும் நேரத்தில் பாதத்தைப் பிடித்தேன். நாலாம் நாள் ஈரல் கிண்ணத்தைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் போய்விட்டாள். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடம் கண்டதும் இதுதான்: முதலில் வருவது, அடுத்து வரப்போவதற்கு அறிகுறியாகிறது. ஈரல் முதலில் வந்ததால், அவளுக்கு அது கால்பிடிக்கு எச்சரிக்கை ஆகிவிட்டது. மாற்றினேன். விரல் தோளைத் தொடும், எடுத்துவிடுவேன், அடுத்த வினாடி ஈரல். தோளிலிருந்து முழங்கால் வரை வரவே ஒன்பது நாள் ஆனது. நகவெட்டியைத் தரையில் வைத்து, அதைப் பார்த்ததற்கே ஈரல் கொடுத்தது தனிக் கதை.

அப்புறம் ஒரு துண்டு. மடித்து என் தொடைமேல் வைத்து, அவள் தாடையை அதில் வைத்தால்தான் தொடுவேன். தலையைத் தூக்கினால் அந்த நொடியே கையை எடுத்துவிடுவேன். நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இருப்பது தெரிந்ததும் உறுமல் குறைந்தது. உறுமித் தெரிவிக்க வேண்டியதைத் தலையைத் தூக்கியே தெரிவித்துவிடுகிறாள்.

பழைய பயம் அழிந்துவிடுவதில்லை. மேலே புதிதாக ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவே. சில நாள் இடைவெளி விட்டாலோ தெருவில் பட்டாசு வெடித்தாலோ பழசு எட்டிப் பார்க்கும். அப்போது இரண்டு படி இறங்கித் தொடங்குவேன்.

போன சனிக்கிழமை முன்கால் விரலிடுக்கில் மிளகளவு உண்ணி ஒன்று. இடுக்கியை அவள் மோந்து பார்க்கக் கொடுத்தேன். தாடை துண்டில் இறங்கியது. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன், வந்துவிட்டது. ஈரலை விழுங்கிவிட்டு மறுபடி தாடையை வைத்தாள். பின்னங்கால் பக்கம் கை போனபோது தலை எழுந்தது. சரி என்று கிண்ணத்தை மூடிவிட்டேன்.