பெங்களூரு மாடித் தோட்டத்துக்கு எந்தப் பசுமைக்குடில்?

இணையத்தில் பசுமைக்குடில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு கூடாரம்தான். மெல்லிய இரும்புக் குழாய்கள், அவற்றின் மேல் பச்சைக் கட்டம் போட்ட பாலித்தீன் உறை, முன்பக்கம் ஜிப் வைத்த கதவு. பார்க்க அம்சமாக இருக்கும், விலையும் கைக்கு எட்டும். அல்சூரிலோ ராமமூர்த்தி நகரிலோ மொட்டை மாடியில் நாலு தக்காளியும் கொஞ்சம் கொத்தமல்லியும் வைத்திருப்பவருக்கு ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கூடாரம் பனி விழும் ஊர்களுக்காகத் தைத்தது. வெளியே குளிர், உள்ளே கதகதப்பு என்பதுதான் அதன் வேலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் ஜனவரி இரவுகூட சராசரியாக 15, 16 டிகிரிக்குத்தான் இறங்குகிறது. ஸ்வெட்டரைத் தேடுவது நாம்தான், தக்காளி அல்ல. இங்கே செடியைப் படுத்துவது ஏப்ரல் வெயில், கோடை இடிமழையோடு சில சமயம் கொட்டும் ஆலங்கட்டி, செப்டம்பர் மழை, வருடம் முழுக்க வெள்ளை ஈ. எதை உள்ளே பிடித்துவைக்கிறது என்று பார்த்து வாங்குவதைவிட, எதை வெளியே நிறுத்துகிறது என்று பார்த்து வாங்கினால் செலவும் பாதியாகக் குறையும்.

அதற்கு முன், மூடிய குடில் ஏன் சூடாகிறது என்று பார்த்துவிடலாம். பள்ளிப் பாடத்தில் படித்த விளக்கம் இது: சூரிய ஒளி கண்ணாடி வழியாக உள்ளே வரும், தரையும் செடியும் சூடாகி அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும், கண்ணாடி அதைத் திரும்ப விடாது. இது பொய்யில்லை, ஆனால் பெரிய பங்கு இதற்கு இல்லை. 1909இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு சிறு பெட்டிகளை வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்குப் பாறை உப்புத் தகடு. அது அகச்சிவப்பைத் தாராளமாக வெளியே விட்டுவிடும். இரண்டின் மேலும் விழும் வெயிலை ஒரே மாதிரி ஆக்கிய பிறகு, இரண்டுமே சுமார் 55 டிகிரிக்கு ஏறின. வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை.

ஆக, குடிலைச் சூடாக்குவது முக்கியமாக அடைபட்ட காற்று. திறந்த வெளியில் தரையைத் தொட்டுச் சூடான காற்று மேலே போய்விடும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். மூடி போட்டால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் பர்ஸுக்கு இதில் ஒரு நல்ல சேதி உண்டு. பாலித்தீன் தாளும் கிட்டத்தட்ட அந்த உப்புத் தகடு போலத்தான், அகச்சிவப்பை நிறையவே வெளியே விடும். ஆனாலும் பகலில் அதனடியில் கண்ணாடிக்கு இணையாகவே சூடேறும். இரவில்தான் கண்ணாடியும், பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக் தகடும் ஜெயிக்கும். நமக்கு இரவுக் குளிர் பிரச்சினையே இல்லை என்னும்போது அவற்றுக்குப் பல மடங்கு காசு கொடுப்பானேன்? லால்பாக்கில் 1889இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அது மலர்க் கண்காட்சிக்கான மண்டபம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, அந்த ஜிப் கூடாரத்துக்கு வருவோம். பெங்களூருவுக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அந்தப் பருவத்தில் தெளிவான வானமாக இருந்தால் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1000 வாட். ஆறடிக்கு ஆறடிக் கூடாரம் என்றால் 3.3 சதுர மீட்டர். தாள் தடுத்தது, செடி திருப்பி அனுப்பியது எல்லாம் போக இரண்டு கிலோவாட்டுக்கு மேல் உள்ளே தங்கும். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்துக் கதவைச் சாத்தியது போல. பகல் வெப்பம் 32 முதல் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும், பூ உதிரும். மார்ச், ஏப்ரலில் வெளி வெப்பமே அந்த அளவைத் தொடும் ஊரில் இந்தக் கூடாரத்தில் காய்க்கு என்ன வழி?

சூட்டை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று செடியே செய்வது. இலை வழியாக ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் சுற்றியுள்ள காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் ஆவியாதல் மந்தமாகிவிடும், அதனால் இந்த வழிக்கும் காற்றோட்டம் வேண்டும். இன்னொன்று நேரடியாகக் காற்றை மாற்றுவது. உள்ளிருக்கும் காற்று முழுவதும் நிமிடத்துக்கு ஒருமுறையாவது மாற வேண்டும் என்பது பாலிஹவுஸ், அதாவது பாலித்தீன் மூடிய பசுமைக்குடில், அமைப்பவர்களின் கணக்கு.

மின்விசிறி இல்லாமல் அதைச் செய்ய உயரம் வேண்டும். பக்கவாட்டில் கீழே ஒரு வாய், உச்சியில் ஒரு வாய். இரண்டுக்கும் நடுவே உயரம் கூடக்கூடச் சூடான காற்று மேலே ஏறிப்போகும் வேகமும் கூடும். பக்கத்தில் மட்டும் ஜன்னல் வைத்த கூடாரத்தில் சூடான காற்று உச்சியிலேயே தேங்கி நிற்கும். வாங்குவதற்கு முன் கடையிலோ, ஏற்கெனவே வைத்திருப்பவர் வீட்டிலோ பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். புகை உச்சிப் பிளவு வழியாகச் சரசரவென வெளியே போனால் சரி. முகத்துக்கு நேரே சுற்றிச்சுற்றி வந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? என் கட்சி இது: மேலே மழைக்கு மட்டும் ஒரு கூரை, நாலு பக்கமும் பூச்சிவலை. பத்தடிக்குப் பத்தடி, நடுவில் ஒன்பதடி உயரம், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் (ஜிஐ பைப்). கூரைக்குப் புற ஊதாத் தடுப்புச் சேர்த்த 200 மைக்ரான் தாள். கடையில் 800 கேஜ் என்பார்கள். இந்த ஒரு பொருளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. புற ஊதாக் கதிர் பாலித்தீனின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். தடுப்பு இல்லாத சாதாரணத் தாள் ஒரு கோடையைத் தாண்டுவதற்குள் மொறுமொறுவென்று உடைய ஆரம்பிக்கும். தாள் தொடும் இடங்களில் பைப்புக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும், ஏனென்றால் சுடும் பைப் தொடும் கோட்டில்தான் தாள் முதலில் கிழியும். பிவிசி பைப் மலிவு என்று எடுக்கிறார்கள். அதன் மேல் படும் பாலித்தீன் சீக்கிரம் கெடும், பைப்பும் வெயிலில் வளையும். வேண்டாம்.

கூரை சரிவாக இருக்கட்டும். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்தடிக்குப் பத்தடிக் கூரையில் விழும் தண்ணீர் சுமார் 186 லிட்டர். தட்டையான தாள் நடுவில் தொய்ந்து அவ்வளவையும் தேக்கிக்கொண்டால் 186 கிலோ பாரம், பைப் மடங்கிவிடும். சரிவாக இருந்து, ஓரத்தில் ஒரு பைப்பும் டிரம்மும் வைத்தால் அதுவே பாசனத் தண்ணீர். மழையை மறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தக்காளியைக் கருக வைக்கும் பூஞ்சை வகை நோய்களின் வித்துகள் முளைக்க, இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். இலை நனையாவிட்டால் அந்த நோய்களில் பாதிக்கு வாய்ப்பே இல்லை. பெங்களூரு மழைக்காலத்தில் தக்காளிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

நிழல்வலையை நிரந்தரமாகக் கட்டாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த ஊர் வானம் பெரும்பாலும் மூட்டம்தான்; இருக்கிற வெளிச்சத்திலும் பாதியை வலை பிடுங்கிக்கொண்டால் தக்காளி நெடுநெடுவென வளரும், காய்க்காது. வளையங்களில் கோத்து இழுத்துவிடும்படி வைத்தால் மார்ச் முதல் மே வரை மட்டும் விரிக்கலாம். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் 50 சதவீத வலை (வெளிச்சத்தில் பாதியைத் தடுப்பது), தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் 35 சதவீதம் போதும். விரிப்பதைத் தாளுக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு விரியுங்கள். உள்ளே கட்டினால் வெப்பம் குடிலுக்குள் வந்த பிறகுதான் வலை அதைத் தடுக்கும். அதில் என்ன பயன்? நிறம் கேட்டால் வெள்ளை. பச்சை வலையின் இழை, இலை அதிகம் விரும்பும் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிட்டு, குறைவாகப் பயன்படும் பச்சையை உள்ளே விடும். செடிக்குப் பச்சை பொருத்தம் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வெள்ளையைக் கேளுங்கள்.

பூச்சிவலையில் 40 மெஷ் என்றால் ஓர் அங்குலத்துக்கு 40 கண்கள். இழையின் தடிமன் போக ஒரு கண் சுமார் 0.4 மில்லிமீட்டர். இலைச்சுருட்டு வைரஸைச் சுமந்து வரும் வெள்ளை ஈயில் பெரும்பகுதி இதோடு நின்றுவிடும், இலைப்பேன் நுழைந்துவிடும். அதற்கும் சேர்த்து நுண்ணிய வலை போட்டால் காற்று தடைபட்டுப் பழைய சூட்டுப் பிரச்சினை திரும்பும். அதனால் 40 மெஷ்ஷும், இலைச்சுருட்டைத் தாங்கும் ரகமும் என்று போவது புத்திசாலித்தனம். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் தக்காளி இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்.

அப்புறம் காற்று. இதைத்தான் பலர் மறக்கிறார்கள். வேகம் இருமடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நம் பத்தடிக் கூரையைத் தூக்கும் விசை தோராயமாக 158 கிலோ எடைக்குச் சமம். இந்தியக் கட்டடத் தரவிதி பெங்களூருவுக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 33 மீட்டர்; அதில் கணக்குப் போட்டால் 600 கிலோவைத் தாண்டும். "சார், நாலு மூலையிலயும் தளத்துல ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட் அடிச்சிடலாம், அசையாது" என்று வெல்டிங் கடை அண்ணன் சொல்வார். அசையாதுதான். ஆனால் தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு போய், செப்டம்பரில் கீழ்வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று மேலே வருவார். இருபது லிட்டர் பக்கெட்டில் கால்களை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினால் ஒவ்வொன்றும் 48 கிலோ தேறும். ஆறு கால் என்றால் சாதாரணக் காற்றுக்குப் போதும். பெரும் புயல்காற்றுக்குத் தாளைக் கழற்றிவிடுவதே வழி. அதற்காகத்தான் அலுமினிய புரொஃபைல் என்ற பள்ளச் சட்டத்தில், நெளிநெளியான கம்பியை (ஜிக்ஜாக் ஸ்பிரிங்) அழுத்தித் தாளை மாட்டச் சொல்கிறேன். ஆணி அடித்த தாளை அவசரத்துக்குக் கழற்ற முடியாது.

நாலு பக்கமும் வலை போட்ட பிறகு தேனீயும் உள்ளே வராது. தக்காளி, கத்தரி, மிளகாய்க்குத் தன் பூவிலேயே மகரந்தம் இருக்கிறது, அதை உதிர்க்க அசைவு மட்டும் போதும். காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டால் காய் பிடிக்கும். பாகல், புடலை, பூசணி அப்படி இல்லை. ஆண் பூ தனி, பெண் பூ தனி. அவற்றைக் குடிலுக்கு வெளியே பந்தலில் விடுவதே நல்லது. உள்ளே கொடிக்காய் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகங்கள் விதைக்கடையில் கிடைக்கின்றன. பாலிஹவுஸ் வெள்ளரி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.