ஹாட் டாக் பாக்கெட்டும் பத்து நிமிடப் போட்டியும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், நியூ ஜெர்சியில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும் தமிழ்ப் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: “ஹாட் டாக்ல எந்த பிராண்ட் வாங்கலாம்?” நீளமான பன்னுக்குள் வைத்துச் சாப்பிடும் இறைச்சிக் குழல், அதாவது சாசேஜ்தான் ஹாட் டாக். பள்ளி விடுமுறை, பிறந்தநாள் விழா, கொல்லைப்புறத்தில் பார்பிக்யூ, அப்புறம் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4. அந்த ஒரு நாளில் மட்டும் அமெரிக்கர்கள் 15 கோடி ஹாட் டாக் சாப்பிடுவதாக அந்தத் தொழில்துறையினரே கணக்குச் சொல்கிறார்கள். வீட்டில் சாம்பாரும் ரசமுமாக வளரும் பிள்ளையும் அன்றைக்கு நண்பர்களோடு நின்று ஒரு பன்னைக் கையில் எடுக்கத்தான் செய்யும்.

பிள்ளைகள் கேட்பது வேறு. “ஜோயி செஸ்ட்நட் எப்படி ஆண்ட்டி 70 சாப்பிடறார்? வயிறு வெடிச்சிடாதா?” ஹாட் டாக் சாப்பாட்டுப் போட்டிகளில் பேர் போனவர் இந்தச் செஸ்ட்நட். மருத்துவமனையில் வேலை பார்க்கிற எனக்கு இது மிகவும் பிடித்த கேள்வி. வயிறு நிறைந்தது நமக்கு எப்படித் தெரிகிறது என்பதை விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

முதலில் பாக்கெட்டைப் பார்த்துவிடுவோம். பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது, அதன் முன்பக்கத்தை விட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள் என்பதுதான். பொருள்களின் பட்டியல் எடை வரிசைப்படி இருக்கும். எது அதிகமோ அது முதலில். நேத்தன்ஸ், ஹீப்ரூ நேஷனல், சிகாகோவின் வியன்னா பீஃப், நியூயார்க் தள்ளுவண்டிகளில் விற்கும் சாப்ரெட் ஆகியவற்றின் பெயர் பெற்ற வகைகளில் முதல் சொல் ‘பீஃப்’, அதாவது மாட்டிறைச்சி. ஆஸ்கர் மேயரின் சாதாரண வீனர் (ஹாட் டாக்கின் இன்னொரு பெயர்) பாக்கெட்டில் கோழி, வான்கோழி, பன்றி மூன்றும் கலந்திருக்கும். மாட்டிறைச்சி வேண்டாம் என்று இதை எடுத்துப்போகும் குடும்பத்துக்குப் பன்றி இருப்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிகிறது. சமய வழக்கத்துக்காகத் தவிர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே கோழியாகவே இருந்தாலும் மேலே உள்ள உறை வேறு விலங்கின் குடலாகவோ, விலங்குப் புரதமான கொலாஜனாகவோ இருக்கலாம். அப்படியானால் லேபிளில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். எழுத்து பொடிசாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் பெற்றோரைப் பயமுறுத்துகிற ஒரு வரி, ‘இயந்திரத்தால் பிரித்தெடுத்த கோழி இறைச்சி’. எலும்பில் ஒட்டியிருக்கும் சதையை அழுத்தத்தால் பிரித்து எடுக்கும் கூழ் அது. மாட்டிறைச்சியில் இந்த முறை அமெரிக்காவில் 2004 முதல் தடை. பன்றியில் ஓர் அளவு வரைக்கும், கோழி, வான்கோழியில் அளவின்றியும் அனுமதி. அது நஞ்சு இல்லை, தரம் குறைந்த பொருள். என்னைக் கேட்டால், அந்த வரி இல்லாத பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். கொழுப்பைப் பொறுத்தவரை, ஹாட் டாக்கில் 30 சதவீதம் வரை கொழுப்பு இருக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. எந்த பிராண்டாக இருந்தாலும் உச்சவரம்பு அதுதான்.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது ‘நைட்ரைட் சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகத்தில். இறைச்சியின் இளஞ்சிவப்பு நிறத்துக்கும், கிருமி வளராமல் தடுப்பதற்கும் நைட்ரைட் சேர்ப்பார்கள். இந்த வாசகம் உள்ள பாக்கெட்டில் அதன் அருகிலேயே சின்ன எழுத்தில், செலரி என்ற கீரையின் தூளில் இயற்கையாக உள்ளது தவிர என்று போட்டிருக்கும். செலரியிலிருந்து வந்தாலும் நைட்ரைட் நைட்ரைட்டேதான். 2019இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு சாண்ட்விச்சுக்கான பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளைச் சோதித்தபோது, நைட்ரைட் சேர்த்தது, ‘சேர்க்கப்படவில்லை’ என்றது ஆகிய இரண்டு வகையிலும் அதன் சராசரி அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ‘இது நல்லது’ என்று நம்பிப் பிள்ளைக்கு இரண்டாவது ஹாட் டாக்கையும் எடுத்துக் கொடுக்கிறோமே, என் கவலை அங்கேதான்.

ருசியில் பிராண்டுக்கு பிராண்ட் வித்தியாசம் உண்டு, அதை மறுக்கவில்லை. இயற்கை உறை உள்ளதைக் கடித்தால் ‘டப்’பென்று உடைந்து சாறு வரும், உறையில்லாதது மெத்தென்று இருக்கும். பூண்டும் பாப்ரிகா என்ற மிளகாய்ப் பொடியும் தூக்கலாக இருந்தால் நம் நாக்குக்குப் பிடிக்கும். ஆனால் உப்பில் உள்ள சோடியத்துக்கு வந்தால் எல்லாரும் நெருங்கிய உறவினர்கள். ஒரு துண்டில் 400 முதல் 500 மில்லிகிராம் என்பது சர்வசாதாரணம். கோழி, வான்கோழி வகைகளில் கொழுப்பு குறையலாம், உப்பு குறைவதில்லை. தாவர வகைகளிலும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்குச் சொல்லும் நாள் வரம்பு 2,000 மில்லிகிராம். இரண்டு ஹாட் டாக், அதன் பன், கெட்சப், கடுகு சாஸ் எல்லாம் சேர்ந்தால் பாதி நாளின் அளவைத் தாண்டிவிடும். இரவு வீட்டுக்கு வந்து ஊறுகாயோடு தயிர் சாதம் வேறு. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கு வீடு இருக்கிற நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 400க்குக் கீழே உள்ள பாக்கெட்டுகளும் கடையில் உண்டு, தேடி எடுங்கள்.

புற்றுநோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. 50 கிராம் என்பது கிட்டத்தட்ட ஒரு ஹாட் டாக். அந்த 18ஐக் கேட்டு நூற்றில் 18 பேருக்கு வரும் என்று அரண்டுபோய் வந்தவர்கள் உண்டு. அப்படியில்லை. அமெரிக்காவில் வாழ்நாளில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இந்த நோய் வருகிறது என்றால், தினமும் சாப்பிடுபவர்களிடையே அது ஐந்தை நெருங்கும். ஜூலை 4 அன்று ஒன்று சாப்பிடுவதற்கும், வாரம் ஐந்து நாள் டிபன் பாக்ஸில் வைத்து அனுப்புவதற்கும் உள்ள தூரம் இதில் புரியும். எந்த பிராண்ட் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, மாதத்துக்கு எத்தனை தடவை என்பதைத்தான்.

சரி, பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம்.

நியூயார்க்கின் கோனி ஐலண்டில், சர்ஃப் அவென்யூவும் ஸ்டில்வெல் அவென்யூவும் சந்திக்கும் மூலையில், போலந்திலிருந்து குடியேறிய நேத்தன் ஹேண்ட்வெர்க்கர் 1916இல் ஹாட் டாக் கடை போட்டார். பக்கத்தில் ஃபெல்ட்மன் கடையில் பத்து சென்ட்டுக்கு விற்றதை இவர் ஐந்து சென்ட்டுக்குக் கொடுத்தார். அந்தக் கடையின் ஹாட் டாக் சாப்பாட்டுப் போட்டியும் அதே 1916இல் தொடங்கியதாகச் சொல்லும் கதை விளம்பரத்துக்காகக் கட்டியது என்று, அதைக் கட்டியவரே 2010இல் ஒப்புக்கொண்டார். உண்மையில் போட்டி 1970களில்தான் தொடங்கியது.

2001இல் ஜப்பானிலிருந்து தகேரு கோபயாஷி வந்தார். எடை சுமார் 60 கிலோ. அதுவரை சாதனை 25 சொச்சம். அவர் 12 நிமிடத்தில் 50 சாப்பிட்டார். காட்டுவதற்கு எண் அட்டை இல்லாமல் கையால் எழுதிக் காட்டினார்கள். சாசேஜை இரண்டாக ஒடித்து இரண்டு பாதிகளையும் ஒன்றாக வாயில் வைப்பது, பன்னைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து விழுங்குவது, உடம்பைக் குலுக்கிக் குலுக்கி உணவைக் கீழே இறக்குவது என்று ஒவ்வொரு அசைவையும் யோசித்து வைத்திருந்தார். பெரிய தொந்தி உள்ளவர்தான் அதிகம் சாப்பிடுவார் என்ற நினைப்பு அன்றோடு போனது. 2007இல் செஸ்ட்நட் 66 சாப்பிட்டு அவரை வென்றார். அதன்பின் நேரம் பத்து நிமிடமாகக் குறைந்தும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2021இல் செஸ்ட்நட் 76. பெண்கள் பிரிவில் மிக்கி சூடோ 2024இல் 51. அதே ஆண்டு செப்டம்பரில் செஸ்ட்நட்டும் கோபயாஷியும் மறுபடி மோதியபோது, பன்னை நனைக்கவே கூடாது என்ற விதியிலும் செஸ்ட்நட் 83ஐத் தொட்டார்.

இந்த 83 என்ற எண் என்னை அசர வைக்கிறது. 2020இல் ஜேம்ஸ் ஸ்மோலிகா என்ற ஆய்வாளர், கோனி ஐலண்டின் 39 ஆண்டுப் புள்ளிவிவரங்களை வைத்து, பத்து நிமிடத்தில் மனிதனால் எவ்வளவு முடியும் என்று கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த எல்லை ஏறக்குறைய 83, 84. அந்த விளிம்பு வரைக்கும் ஒரு மனிதன் போய்விட்டான். பயிற்சியால் மனித உடல் எட்டுகிற தூரத்தை நான் மனசார வியக்கிறேன், ஓட்டப்பந்தய வீரரை வியப்பது போலவே.

ஆனால் இவர்கள் பயிற்சியில் எதைப் பழக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பிடத் தொடங்கியதும் இரைப்பை தளர்ந்து இடம் கொடுக்கும். சாதாரணமாக ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வந்ததும் அதன் சுவரில் உள்ள நரம்புகள் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும். குடலிலிருந்து ஹார்மோன்களும் அதையே சொல்லும், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு போட்டியாளரையும் ஒரு சாதாரண மனிதரையும் எக்ஸ்ரே முன் நிறுத்தி ஹாட் டாக் சாப்பிட வைத்தார்கள். சாதாரண மனிதர் ஏழோடு நிறுத்திக்கொண்டார். போட்டியாளர் பத்து நிமிடத்தில் 36 சாப்பிட்டும் வயிறு நிறைந்ததாக அவருக்குத் தெரியவில்லை. அவர் இரைப்பை மேல் வயிற்றை முழுக்க அடைத்துக்கொண்டு, அசைவே இல்லாத தொளதொளத்த பையாகக் கிடந்தது. மருத்துவர்கள்தான் பயந்து நிறுத்தினார்கள். இப்படியே தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் இரைப்பை பழையபடி சுருங்காமலே போய்விடலாம், ஓயாத குமட்டலும் வாந்தியும் வரலாம் என்று எழுதினார்கள். கோபயாஷியே 2024இல், தனக்கு இப்போது பசியும் தெரிவதில்லை, நிறைவும் தெரிவதில்லை என்று சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் குரலை அடக்கிப் பழகிய ஒருவரின் வார்த்தை அது.

76 ஹாட் டாக்கில் சாசேஜை மட்டும் எடுத்து, ஒன்றுக்கு 450 மில்லிகிராம் என்று வைத்தாலும் 34 கிராம் சோடியம். ஒரு மனிதனின் 17 நாள் அளவு. பார்க்கிற பிள்ளைக்கு இது தெரியாது, அவனுக்குக் கோப்பையும் கைதட்டலும்தான் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு பையன், வயது பன்னிரண்டு இருக்கும், வீடியோவைப் பார்த்து நண்பர்களோடு போட்டி போட்டிருக்கிறான். ‘பயிற்சி’ என்று தினமும் காலையில் ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்து வயிற்றை விரிக்கவும் தொடங்கியிருந்தான். அம்மா அதை நல்ல பழக்கம் என்றே நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். குறுகிய நேரத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கலாம். 2007இல் கலிபோர்னியாவில் ஒரு வானொலி நிலையம் வைத்த தண்ணீர் குடிக்கும் போட்டியில் ஒரு பெண் இப்படித்தான் இறந்தார். தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் அமைப்பே வீட்டில் பயிற்சி செய்யக் கூடாது என்கிறது. 18 வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை. மேடையருகே அவசர மருத்துவ உதவியாளர்கள் நிற்கிறார்கள்.

உயிர் போவது பெரும்பாலும் சின்ன இடங்களில் நடக்கும் போட்டிகளில்தான். 2017இல் கனெக்டிகட்டில் ஒரு பல்கலைக்கழக விழாவில் பான்கேக் சாப்பிட்ட இருபது வயது மாணவி. 2024 ஓணத்தின்போது, கோவைக்கு எல்லையில் உள்ள வாளையாறில் இட்லிப் போட்டியில் கலந்துகொண்ட 49 வயதுக்காரர். இட்லி! பச்சைக் குழந்தைக்கும் நோயாளிக்கும் நாம் நம்பி ஊட்டுகிற பண்டம். அதையே மெல்லாமல் அவசரமாக விழுங்கியபோது தொண்டையை அடைத்துவிட்டது. பரோட்டா சவால், பிரியாணி சவால் என்று பரிசு அறிவிக்கிற கடைக்காரர்கள், கூட்டத்தைச் சமாளிக்க ஆள் போடுவதோடு மூச்சடைத்தால் முதலுதவி தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் நிறுத்த வேண்டும். என் விருப்பம், அந்த மாதிரிப் போட்டியே வேண்டாம் என்பது.

ஹாட் டாக்குக்கு இதில் தனி ஆபத்து உண்டு. உருண்டையாக, வழுக்கலாக, அமுங்கும் தன்மையோடு, சிறு குழந்தையின் மூச்சுக்குழாய்க்குத் தக்கை அடித்தது போல் பொருந்துகிற அளவு. வட்ட வட்டமாக நறுக்கினால் ஆபத்து அப்படியே இருக்கும். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடியாக நறுக்குங்கள். உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடி விளையாடும்போது வாயில் திணிக்காதீர்கள். கர்ப்பிணிகள் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிடக் கூடாது. லிஸ்டீரியா கிருமி குளிர்பெட்டியிலும் வளரும், அதனால் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும்.

புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது நம் வீட்டுப் பழக்கம். இருமவும் பேசவும் முடிகிறவரைக்கும் ஒன்றும் செய்யாமல் இரும விடுங்கள், அதுவே வெளியே தள்ளிவிடும். சத்தமே வரவில்லை, கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார், உதடு நீலமாகிறது என்றால் தண்ணீர் கொடுக்கவே கூடாது. ஒருவரை 911க்கு, இந்தியாவில் 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். தொண்டை அடைத்தவரை முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். அடைத்தது வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றுக்குப் பதில் நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தையைக் கைமேல் குப்புறப் படுக்க வைத்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம். வயிற்றை அழுத்தவே கூடாது. நினைவு தப்பிவிட்டால் தரையில் படுக்க வைத்து சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) தொடங்குங்கள். பல ஊர்களில் தீயணைப்பு நிலையங்களிலும் நூலகங்களிலும் இதற்கு வகுப்பு நடத்துகிறார்கள். ஜூலை 4க்கு முன்பே ஒரு சனிக்கிழமை காலை போய்க் கற்றுக்கொண்டு வந்துவிடலாம்.