பதினைந்தாவது படி

"எங்கள் வீட்டு மாடிக்குப் பதினான்கு படிகள். விளக்கு இல்லாவிட்டாலும் எண்ணிக்கொண்டே ஏறிவிடுவேன். நேற்று இரவு பதினைந்தாவதாக ஒன்று இருந்தது. மெத்தென்று, லேசான சூட்டோடு."

நான் எழுதி இணையத்தில் போட்ட பேய்க்கதைகளில் கொஞ்சமாவது ஓடியது இது ஒன்றுதான். இதில் பேய் இல்லை, ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஆனாலும் படித்தவர்களில் சிலர் உள்ளங்கால் கூசியது என்றார்கள். உள்ளங்காலா? அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே. செருப்போடு ஏறினேனா, வெறுங்காலோடா என்பதே கதையில் கிடையாது. வெறுங்கால்தான் என்று தீர்மானித்தது படித்தவரின் மூளை.

பயமுறுத்தும் எழுத்து வேலை செய்வது இப்படித்தான். இதைக் கிட்டத்தட்ட நேரடியாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். யானை என்று சொன்னதும் பெரும்பாலானவர்களுக்கு மனக்கண்ணில் ஒரு யானை வந்து நிற்கும். சிலருக்கு வராது. யானை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், படம் மட்டும் விழாது. இந்த நிலைக்கு அஃபன்டேசியா என்று பெயர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 22 பேரையும், மனக்காட்சி உள்ள 24 பேரையும் இருட்டறையில் உட்காரவைத்துத் திரையில் வரிவரியாகக் கதை காட்டினார்கள். கடலில் நீந்துகிறீர்கள், தண்ணீருக்குள் ஏதோ நிழல் தெரிகிறது என்கிற மாதிரியான கதைகள். பயந்தால் தோலில் வியர்வை கூடும், அதன் வழியே மின்சாரம் எளிதாகப் பாயும். அதை அளந்தார்கள். மனக்காட்சி உள்ளவர்களுக்குக் கதை நகர நகர அளவு ஏறியது. மற்றவர்களுக்கு அநேகமாக அசையவே இல்லை. அவர்களுக்குப் பயமே வராதோ என்று கேட்கலாம். பயமூட்டும் புகைப்படங்களைக் காட்டியபோது இரு தரப்பும் ஒரே மாதிரிதான் பயந்தார்கள். 2021-இல் வெளிவந்த ஆய்வு இது. எழுத்து நேராகப் பயத்தைத் தொடுவதில்லை. அது ஒரு படத்தை வரையச் சொல்கிறது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உடம்பு பயப்படுகிறது.

அதனால்தான் "பதினைந்தாவது படியில் ஒரு கோரமான உருவம் கிடந்தது" என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடுகிறது. 'கோரமான' என்பது எழுதியவரின் தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு மனத்தில் எதை வரைவது? 'மெத்தென்று' என்றால் பாதம் உடனே வேலையில் இறங்கிவிடும். பதினான்கு என்ற எண்ணும் அலங்காரத்துக்காக இல்லை. நம் மூளை எப்போதும் அடுத்த நொடி என்ன வரும் என்று கணக்குப் போட்டபடியே இருக்கும். இருட்டில் மாடி ஏறி, இல்லாத இன்னொரு படிக்குக் காலைத் தூக்கி வைத்தவர்களுக்கு அந்தத் தூக்கிவாரிப் போடுதல் தெரியும். கணக்கு தப்பிய அதிர்ச்சி அது. கதையில் முதலில் கணக்கைச் சரியாகப் பதிய வைத்தால்தான் பிறகு அதைத் தப்ப வைக்க முடியும்.

சரி, கணக்கு தப்பினால் வெறும் திடுக்கிடல்தானே வரவேண்டும்? அடிவயிற்றில் ஊறும் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? என்னவென்று தெரியாததிலிருந்து. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 பேரைக் கணினியில் ஒரு விளையாட்டு ஆடவைத்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் பாம்பு இருக்குமா, இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு ஷாக். மனஅழுத்தம் உச்சத்தைத் தொட்டது ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது அல்ல, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தபோதுதான். 2016-இல் வந்த முடிவு. பேய் வந்துவிட்ட கதையைவிட, வந்திருக்குமோ என்ற கதை அதிக நேரம் தூக்கத்தைக் கெடுப்பதில் வியப்பில்லை.

உடம்பின் பங்கு எல்லோரும் அறிந்ததுதான். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், மயிர்க்கால்களில் உள்ள குட்டித் தசைகள் சுருங்கிப் புல்லரிக்கும். பயத்தை ஏன் தேடிப் போகிறோம் என்பது அதைவிடச் சுவையான கேள்வி. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காசு கொடுத்துப் பயப்படப் போகும் ஒரு பேய்வீட்டில் 110 பேருக்கு இதயத்துடிப்புமானி கட்டி அனுப்பினார்கள். பயம் கூடக் கூட இன்பமும் கூடியது. ஒரு கட்டத்துக்கு மேல் பயம் ஏற, இன்பம் இறங்கியது. வரைபடத்தில் அது கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி இருந்தது. புதிதாக எழுதவருபவர்கள் கடைசிப் பத்தியில் குடலை உருவிப் போடும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிண்ணத்தின் வலது ஓரம்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், கதை கைமாறும் கதை. பிரெடெரிக் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆவிக்கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாட்களும் மாதங்களும் கழித்துத் திரும்பச் சொல்லவைத்தார். 1932-இல் அவர் எழுதிய நூலில் அந்தக் கதை தேய்ந்த விதம் பதிவாகியிருக்கிறது. மரத்தோணி சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது, பலர் சொன்னதில் ஆவிகளே காணாமல் போயின. நினைவுக்கு விசித்திரம் பிடிக்காது. தனக்குப் புரிகிற மாதிரி அதைச் சீர்செய்துவிடும். வாய்வழிக் கதைகளுக்கு எப்போதும் இருந்த ஆபத்து இது. கொஞ்சமே விசித்திரம் இருந்தால் தப்பிக்கலாம். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் புகழ்பெற்றவற்றையும் மறக்கப்பட்டவற்றையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், நிலைத்த கதைகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று விசித்திரங்களே இருந்தன.

இணையம் இந்த ஆபத்தைச் சுலபமாகத் தாண்டிவிட்டது. இங்கே யாரும் நினைவிலிருந்து சொல்வதில்லை, வெட்டி ஒட்டுகிறார்கள். இணையத்தில் சுற்றும் பயக்கதைகளுக்கு க்ரீப்பிபாஸ்டா என்ற பெயரே 'காப்பி பேஸ்ட்' என்பதன் திரிபிலிருந்து வந்ததுதான். ஒட்டும்போது மெத்தென்ற படி மெத்தென்றே இருக்கும். தேய்மானத்துக்குப் பதிலாக, கதையைச் சுற்றி நடக்கும் பேச்சில் அது வளரத் தொடங்குகிறது. 2009 ஜூனில் எரிக் நுட்சன் என்பவர் ஒட்டுவேலை செய்த இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களையும் சில வரிகளையும் ஒரு தளத்தில் போட்டார். குழந்தைகளுக்குப் பின்னால் ஒல்லியாய், நெட்டையாய், கோட்டு சூட்டில் ஓர் உருவம். முகம் மட்டும் இல்லை. அதுதான் ஸ்லெண்டர் மேன். அவன் யார், எங்கிருந்து வந்தான், என்ன வேண்டும் அவனுக்கு என்று எதையும் அவர் முழுதாகச் சொல்லவில்லை. மிச்சத்தை முகம் தெரியாத ஆயிரம் பேர் எழுதினார்கள். முகம் வரைந்திருந்தால் இவ்வளவு பேருக்கு அதில் இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இதைப் புரிந்துகொண்டுதான் ரெட்டிட் என்ற இணைய அரட்டைத் தளத்தில், பயக்கதைகளுக்கான நோஸ்லீப் என்ற பகுதியில் ஒரு விதி வைத்தார்கள்: இங்கே எல்லாம் உண்மை, உண்மை இல்லாவிட்டாலும். கருத்து எழுதுபவர் "நல்ல கற்பனை" என்று சொல்லக்கூடாது, "கதவைப் பூட்டினீர்களா?" என்றுதான் கேட்கவேண்டும். சிறுபிள்ளைத்தனம் என்று முதலில் நினைத்தேன். இப்போது பார்த்தால், அந்தப் பாதிக்குப் பாதி நிச்சயமின்மையை எல்லோரும் சேர்ந்து கட்டிக்காக்கும் ஏற்பாடாகத் தெரிகிறது. விளையாட்டு என்பது இரு பக்கமும் தெரிந்திருக்கும்வரைதான் இது சரிவரும். 2014-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 12 வயதுச் சிறுமிகள் இருவர் ஸ்லெண்டர் மேனை நிஜமென்று நம்பி வகுப்புத் தோழியைக் கத்தியால் குத்தினார்கள். அந்தச் சிறுமி உயிர்பிழைத்தாள்.

என் படிக்கட்டுக்கு வருகிறேன். முதலில் ஒருவர் "நாய் படுத்திருக்கும்" என்று எழுதினார். அவ்வளவுதான், அதற்குக் கீழே பத்து பேர் நாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் அது என்ன, எப்படி வந்தது என்று கேட்க, நான் முட்டாள்தனமாக இரண்டாம் பாகம் எழுதினேன். முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர், பழைய மரணம், சாபம் எல்லாம் போட்டு எழுதியது. யாரும் சீந்தவில்லை. பாம்பு எந்தக் கல்லுக்கு அடியில் என்று நானே காட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, அதுவரை வாயே திறக்காத ஒருவர் முதல் கதைக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். "இப்போதுதான் எங்கள் வீட்டுப் படியை எண்ணிப் பார்த்தேன்." எத்தனை இருந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.