சூட்டுக்குக் கொடுத்த இளநீர்

கத்திரி வெயில் நாளில் ஐம்பத்தெட்டு வயது விவசாயி ஒருவரை அவருடைய மகன் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். காலையிலிருந்து காலை ஊன்ற முடியவில்லை. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது. இ.சி.ஜி. தாளில் ‘டி’ அலைகள் கூடார முனைபோல் எழும்பி நின்றன. ரத்தப் பொட்டாசியம் 7.4.

“சூடு தணியட்டும் என்று தினமும் மூன்று இளநீர் கொடுத்தோம் டாக்டர்” என்றார் மகன்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் இல்லாமல் உயிர் இல்லை. ஆனால் அது தங்க வேண்டிய இடம் செல்லின் உட்புறம். அங்கே லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல். வெளியே ரத்தத்தில் 3.5 முதல் 5 வரைதான். சோடியம் இதற்கு நேர்மாறு. செல் சவ்வில் உள்ள பம்புகள் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. நாம் உறங்கும்போதும் அவை ஓய்வதில்லை. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் நண்டு நரம்பை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார். நோபல் பரிசு 1997-இல்தான் வந்தது.

அணையில் தேக்கிய நீரைப் போன்றது இந்த ஏற்றத்தாழ்வு. மதகு திறந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது. இதயம் துடிப்பதற்கான சைகை அதுதான். வெளியே பொட்டாசியம் கூடினால் சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. ஒருமுறை திறந்து மூடிய சோடியம் வாயில்கள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதில்லை. தசை தளரும், இதயம் நின்றே போகலாம்.

உடனே கால்சியம் குளுக்கோனேட்டை ரத்தக் குழாய் வழியே மெதுவாகச் செலுத்தினோம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்தைக் காத்து அவகாசம் வாங்கித் தரும். பிறகு குளுக்கோஸுடன் இன்சுலின். இன்சுலின் அந்தப் பம்புகளை முடுக்கிப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் அனுப்பும். உடலை விட்டு வெளியேற்ற டயாலிசிஸ் தேவைப்பட்டது.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர் இளநீருக்கு அஞ்ச வேண்டியதில்லை. கூடுதல் பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது. டெல்மிசார்டன், எனாலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த, இதய நோய் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த முறை வந்தபோது, பிரஷருக்கு நல்லது என்று வாங்கிய ‘சோடியம் குறைந்த’ உப்புப் பாக்கெட்டையும் மகன் கொண்டு வந்திருந்தார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அவரையே படிக்கச் சொன்னேன். ‘பொட்டாசியம் குளோரைடு’ என்று படித்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.